செம்புத் தொட்டியில் ஒரு பிடி உப்பு

ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் பேச்சோடு நின்றுபோயிருக்கின்றன. சீர் குறைந்ததால் நின்றது உண்டு. ஜாதகம் பொருந்தாமல் நின்றது உண்டு. மாப்பிள்ளையைக் கள்ளுக்கடை வாசலில் கண்டெடுத்ததால் நின்றதும் உண்டு. எனக்குப் பேசிய முதல் கல்யாணம் உப்பு கூடியதால் நின்றது. (சாம்பாரில் அல்ல. சாம்பாராக இருந்திருந்தால் தண்ணீர் விட்டுச் சமாளித்திருப்போம்.)

இதைச் சொன்னால் என் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நடந்த அன்றைக்குச் சிரிக்கும்படி ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகும் ரொம்ப காலத்துக்கு இருக்கவில்லை.

மலாயா சுதந்திரம் வாங்கிய சமயம் அது. மலாக்காவில் கடைக்குக் கடை கொடி தொங்கிற்று. வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இனி எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை மற்றவர்களைவிட இரண்டு பங்கு அதிகம். சிங்கப்பூரில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் கொஞ்ச காலம் வேலை செய்து, அங்கே இருந்த இங்கிலீஷ் புத்தகங்களைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்துவிட்டு, உலகத்தில் செம்பைப் பற்றித் தெரிந்த நாலைந்து பேரில் நானும் ஒருவன் என்ற முடிவோடு ஊர் திரும்பியிருந்தேன்.

மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய் பேசப் பழகிய மலாக்காச் செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான். சண்டைக் காலத்தில் ராணுவம் விட்டுப்போன பழைய கேபிள்களையும் மோட்டார்களையும் எடைக்கு வாங்கி விற்பது அவர் தொழில். அவரிடம் போய், "இந்தப் பழைய செம்பை அப்படியே விற்காதீர்கள், நான் சுத்தம் செய்து தங்கம் மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்று மலாயில் அளந்தேன். பாவம், நம்பிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்.

அங்கேதான் என் தொட்டி பிறந்தது. வேலை இதுதான். பழைய செம்புக் கம்பியைத் தீயில் கருக்கி ஆசிட்டில் ஊறப்போட்டால், செம்பு கரைந்து தண்ணீர் நீலமாகிவிடும். அந்த நீலத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, ஈயத் தகடுகளையும் மெல்லிய செம்புத் தகடுகளையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டு, டைனமோவை ஓட்டி மின்சாரம் கொடுக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செம்புத் தகட்டின் மேல் ஏறிப் படியும். ஒரு வாரத்தில் தகடு விரல் நகம் கனத்துக்குத் தடித்து, ரோஜா நிறத்தில் பளபளவென்று எழுந்து வரும்.

அதாவது, தண்ணீர் சுத்தமாக இருந்தால் வரும். இந்த வேலையில் செம்பு ஒரு பிரச்சினையே இல்லை. செம்போடு கூட வருகிறவைதான் பிரச்சினை. இரும்பு கலந்தால் மின்சாரத்தை அது தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் தகடு அந்த இடத்தில் கருகும். ஈயப் பற்று வைத்த கம்பி நுனிகளைப் போட்டால் கசடு சேரும். இதையெல்லாம் படித்த நான், சுத்தம் என்ற பெயரில் அந்தக் கொட்டகையில் பண்ணிய அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. கம்பிகளைக் காந்தத்தால் தடவித் தடவி ஆணி பொறுக்கினேன். பற்று வைத்த நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன். வெற்றிலை போட்டவர்கள் உள்ளே வரக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவர்கள் தொட்டிக்கு மேல் குனியக் கூடாது. (அந்தக் காலத்தில் எண்ணெய் தடவாத தமிழன் யார்? ஆக நான் ஒருவன்தான் குனிந்தேன். என் தலை பரட்டையாகக் கிடந்ததற்கும் அதுதான் காரணம்.) பிள்ளையின் தொட்டி, பிள்ளையின் கொட்டகை; அவரையே கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்.

இந்த நிலைமையில்தான் லெட்சுமியைப் பார்த்தேன். அவளுடைய அப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மலாக்காவுக்கு வந்திருந்தார்கள். பிரசாதம் வாங்கக் கை நீட்டியபோது என் விரல்களைப் பார்த்துவிட்டு அவள், "கையில என்னங்க, மையா?" என்று கேட்டாள். மை இல்லை, கரைந்த செம்பு என்று ஆரம்பித்து, சுண்டல் ஆறிப்போகும் வரைக்கும் விளக்கினேன். அவள் பாதியில் ஓடவில்லை. கடைசிவரை கேட்டாள். ஒரு பெண் என்னுடைய விளக்கத்தைக் கடைசிவரை கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சரியாகச் சொன்னால் அதுதான் கடைசித் தடவையும். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்குப் பெரியவர்கள் என்று இருந்தது அக்கா பாக்கியம் மட்டும்தான். அப்பா அம்மா சண்டைக்கு முன்பே போய்விட்டார்கள். அக்காதான் என்னை வளர்த்தாள். அவளே தோட்டத்துக்குப் போய்ப் பெண் கேட்டாள். கிராணி என்னைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கஞ்சி போட்ட மொடமொடப்பு. பேச்சும் அதே மொடமொடப்புத்தான்.

"தம்பி, நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு எனக்கு இன்னும் வெளங்கல. பழைய சாமான் பொறுக்குறவனுக்குப் பொண்ணக் கொடுத்தேன்னு தோட்டத்துல பேச்சு வரக் கூடாது பாருங்க."

"பொறுக்குறது இல்லீங்க. சுத்தம் பண்றது."

"எதை?"

"செம்ப."

"செம்ப எதுக்குச் சுத்தம் பண்ணணும்? எங்க வீட்டுல புளி போட்டுத் தேய்ப்பாங்க."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மூடவில்லை. "ஐயா, அடுத்த வாரம் நீங்களே வந்து பாருங்க. பரிசத் தட்டு என் தொட்டியில விளைஞ்ச செம்பாத்தான் இருக்கும். உங்க முகத்த அதுல பாத்துக்கலாம்" என்றேன். கிராணி, "சரி, முகம் தெரிஞ்சா பேசிக்கலாம்" என்றார்.

ஆக, லெட்சுமி எனக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு தகட்டின் பளபளப்பில் வந்து நின்றது. நிறுத்தியவன் நானேதான்.

அந்த வாரம் முழுக்கத் தொட்டியை விட்டு நான் அசையவில்லை. அக்கா சாயங்காலம் டிபன் கேரியரோடு கொட்டகைக்கு வருவாள். வெளியே வாசலில் நான் சாப்பிட்டு முடித்ததும், "நில்லுடா தம்பி, கண்ண மூடு" என்பாள். கையில் ஒரு பிடி கல்லுப்பை வைத்து என் தலையை மூன்று தடவை சுற்றுவாள். பிறகு பாத்திரம் கழுவ உள்ளே போவாள். நான் பீடி பற்றவைப்பேன். (கொட்டகைக்குள் பீடி தடை. தடை போட்டவன் நான்.)

அக்காவுக்குத் திருஷ்டி கழிப்பதில் இருந்த பிடிவாதம் சாதாரணமானது அல்ல. அதற்குக் காரணம் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அக்காவின் புருஷனை சயாமுக்கு ரயில் பாதை போடுவதற்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. லாரி வந்து நின்றபோது அக்கா ஓடிப்போய் அடுப்படியில் உப்புத் தேடினாள். அப்போது உப்புக்குப் பஞ்சம். அக்கம்பக்கத்தில் கேட்டாலும் இல்லை. லாரியில் ஆள் கத்துகிறான். கடைசியில் வெறுங்கையை மூடி அவர் தலையைச் சுற்றி அனுப்பினாள். அவர் திரும்பி வரவில்லை. எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பி வரவில்லை. அவர்களில் பலருக்கு வீட்டில் உப்பும் சுற்றியிருப்பார்கள். ஆனால் அக்காவுக்கு அன்றைக்கு உப்பு இல்லை என்பது ஒன்றுதான் நினைவில் நின்றது. அதன் பிறகு எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்த நாள் உண்டு, உப்பு தீர்ந்த நாள் கிடையாது.

வாரத்தின் நடுவில் கொட்டகையில் ஒரு காரமான வாடை வர ஆரம்பித்தது. துணி வெளுக்கும் மருந்து மாதிரி மூக்கை அரித்தது. பிள்ளையின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் துணி வெளுக்கிறாள் என்று முடிவு செய்தேன். போய், என் தொட்டி பக்கம் வாடை வராமல் வெளுக்கும்படி மலாயில் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வேலி ஓரமாக ஒரு சாக்கைக் கட்டிவிட்டு, பெரிய வேலை செய்த திருப்தியோடு திரும்பி வந்தேன்.

தகட்டை நடுவில் தூக்கிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வெளியே எடுத்தால் தூசி படும், கோடு விழும் என்று புத்தகத்தில் இருந்தது. சுத்தத்தின் மேல் இருந்த வெறியில் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

கிராணி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் காரில் வந்து இறங்கினார். லெட்சுமியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். பரிசப் புடவை எடுக்க அப்படியே டவுனுக்குப் போவதாகப் பேச்சு. அதாவது காரில் ஏறும்போதே பாதி சம்மதத்தோடுதான் ஏறியிருக்கிறார்கள். பெண்கள் இரண்டு பேரும் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். லெட்சுமி ஜன்னல் வழியாக என் கையைப் பார்த்தாள். விரல்கள் முன்பைவிட நீலமாக இருந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் காலடியில் தரை இல்லாமல் போய்விட்டது.

கிராணியைக் கொட்டகைக்குள் அழைத்துப் போய், ரோட்டுத் தூசி வரக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். அப்புறம் ஒரு காரியம் செய்தேன். மாமனார் ஆகப்போகிறவருக்கு வேலை விறுவிறுப்பாகத் தெரியட்டும் என்று டைனமோவின் வேகத்தைக் கூட்டினேன். தொட்டி நுரைத்துப் பொங்கிற்று. கிராணி உண்மையாகவே அசந்துபோனார். "தண்ணி கொதிக்குதே தம்பி" என்றார். "கொதிக்கல ஐயா, வேலை செய்யுது" என்றேன். அக்கா ஓரத்தில் நின்று பூரித்துப்போனாள்.

"இப்ப பாருங்க" என்று சொல்லி நடுத்தகட்டைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்தேன்.

கறுப்பு. அங்கங்கே பழுப்பு. மேலே முழுக்கப் பரு பருவாக மரு. ஓரத்தில் ஒரு பட்டை தானாக உரிந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடித்துக்கொண்டு தொங்கிற்று. அடுப்பில் மறந்துபோன அப்பம் என்றால் சரியாக இருக்கும்.

கிராணி முதுகில் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மனிதர் மரியாதைக்காரர். சொன்ன சொல்லுக்காக நிஜமாகவே அதில் தன் முகத்தைத் தேடினார்.

"எங்க தம்பி பாக்கணும்?" என்றார்.

என் மூளை பேய் வேகத்தில் ஓடிற்று. இரும்பா? இருக்காது, காந்தம் போட்டேன். எண்ணெயா? யாரும் குனியவில்லை. ஈயப் பற்றா? எல்லாம் வெட்டினேன். வேறு எது? எது? வெளியே காரில் லெட்சுமி உட்கார்ந்திருக்கிறாள் என்பதுகூட மறந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா அலறினாள். "கண்ணு பட்டுருச்சுடா! நான் நெனச்சேன், கண்ணு பட்டுருச்சு!" சேலை முந்தானையில் முடிந்திருந்த உப்பை அவிழ்த்து, தகட்டை மூன்று சுற்று, என்னை மூன்று சுற்று, கிராணியையும் விடாமல் மூன்று சுற்றுச் சுற்றி, நேராகப் போய்ப் பிடி உப்பையும் தொட்டிக்குள் போட்டாள்.

"அக்கா! என்ன பண்ற?"

"தெனமும் பண்றதுதான்டா. உனக்குச் சுத்துற உப்ப இதுலதான கரைக்கிறேன். ஊர்ல போறவன் வர்றவன்லாம் இந்த நீலத் தண்ணிய வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறானுங்க. உனக்கும் அதுக்கும் சேத்துக் கழியட்டும்னுதான்."

தினமும் ஒரு பிடி. வாரம் முழுக்க. பிள்ளையைக் கை கழுவ வைத்த நான், அக்காவின் கைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அக்கா கைதானே.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. உப்பு தண்ணீருக்குள் போனால் ஈயத் தகட்டை அரிக்கும். செம்பை ஒழுங்காகப் படியவிடாது. மின்சாரம் பட்டதும் அதிலிருந்து குளோரின் புகை கிளம்பும். அந்த வாடை! பிள்ளை மனைவியின் வெளுப்பு மருந்து! எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஒரு வார வேலையும் ஒரு பெண்ணும் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள், நான் குதித்தேன். நிஜமாகவே இரண்டு காலாலும் குதித்தேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்! உப்பு! ஐயா, உப்பு ஐயா! இரும்பு இல்ல, எண்ணெய் இல்ல, என் மேல ஒரு தப்பும் இல்ல!"

கிராணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. சாத்திய கொட்டகை, கூட்டிவிட்ட டைனமோ, வாரம் முழுக்கச் சேர்ந்த உப்பு. புகை நன்றாகவே கிளம்பியிருந்தது. மனிதர் கண்ணில் நீர் வடிய, இருமி இருமி, ஆசிட் சொட்டிக் கிடந்த பலகையில் சரிந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நானும் இருமிக்கொண்டே, உப்புக்கும் ஈயத்துக்கும் உள்ள விரோதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

கதவை உதைத்துத் திறந்தவர் பிள்ளை. ஒரு கையில் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு, "ராஜு! பாவ் அப்ப இனி?" என்று கத்தினார். என்ன நாற்றம் இது என்று அர்த்தம். அதற்கும் நான் மலாயில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு டைனமோவை நிறுத்தி, கிராணியின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போனார். ரம்புத்தான் மரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

கிராணிக்கு மூச்சு வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்ததும் முதலில் சொன்னது அக்காவிடம். "யம்மா, செம்பு கருத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. மனுசன் வேலைன்னா முன்னப் பின்ன இருக்கும். நான் மூச்சு முட்டிச் சாகக் கெடக்கேன், உங்க தம்பி சந்தோசத்துல குதிக்கிறாரு. இவருகிட்ட எப்படிம்மா பொண்ணக் கொடுக்கறது?"

அக்கா போய்க் காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

கார் புறப்பட்டது. லெட்சுமி முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின. புகை காருக்கும் போயிருந்தது. இருமினாளா, சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் அந்தக் கைக்குட்டையை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் தோள் ஒரே மாதிரிதான் குலுங்குகிறது.

முடிவான பதில் சில நாளில் கல்யாணத் தரகர் ஒருவர் கையில் பொட்டலமாக வந்தது. உள்ளே கிராணியின் வெள்ளைச் சட்டையும் காற்சட்டையும். வண்ணான் ஒரு தடவை துவைத்ததும் ஆசிட் பட்ட இடமெல்லாம் விட்டுப்போய், தோளிலிருந்து கால்வரை சல்லடையாக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் துணியே இல்லை. தரகர், "அவரு ஒண்ணும் சொல்லலீங்க. இத மட்டும் கொடுக்கச் சொன்னாரு" என்றார். லெட்சுமியை அதே வருஷம் சிரம்பானில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். கேள்விப்பட்ட அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பிள்ளை என்னைத் திட்டவில்லை. தொட்டியை உடைத்து ஈயத்தை எடைக்கு விற்றார். எனக்கு அவர் கடையிலேயே கம்பி பிரிக்கும் வேலை போட்டுக் கொடுத்தார். (கிராணி பயந்தபடியே பழைய சாமான் பொறுக்குகிறவன் ஆனேன்.)

அக்கா விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு எல்லாரும் போன பிறகு, கொட்டகைக்குள் அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தாள். உப்பு போட்ட கை இன்னும் பாதி மூடியபடி இருந்தது. "நானாடா கெடுத்தேன்?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்டுபிடித்த மயக்கம் இன்னும் தெளியாமல், "உப்புதான்க்கா, சந்தேகமே இல்ல" என்றேன். அவள் கையை விரித்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த உப்பைச் சேலையில் துடைத்தாள்.

அதோடு அக்கா உப்புச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் அல்ல, யாருக்கும். அப்புறம் சரோஜாவை எனக்குக் கட்டி வைத்தாள். மணவறையில் திருஷ்டி கழிக்கக் கூப்பிட்டால் வரவில்லை. என் மூத்த மகன் செல்வம் பிறந்தபோது கூப்பிட்டேன். "என் கை உப்பு வேணாம்டா. உப்பு இல்லாம ஒருத்தரத் தொலைச்சேன், உப்பு போட்டு ஒன் வாழ்க்கையக் கெடுத்தேன்" என்றாள். பேச்சை மாற்றினோம். சரோஜா அக்காவைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, நீங்க மட்டும் உப்பு போடலேன்னா இந்த மனுசன் எனக்குக் கெடச்சிருக்கவே மாட்டாரு. எனக்காகவாவது நீங்க உப்பு போடாம இருந்திருக்கலாம்" என்பாள். அக்கா சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விடுவாள்.

செல்வம் படித்து, விதியின் விளையாட்டோ என்னவோ, ஆஸ்திரேலியாவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் வேலைக்குப் போனான். இப்போதெல்லாம் முறையே வேறாம். நீலத் தண்ணீரை மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயோடு கலக்குகிறார்கள். எண்ணெயில் போட்ட மருந்து செம்பை மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்ற கசடெல்லாம் தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்த எண்ணெயிலிருந்து செம்பைத் திரும்ப இறக்கி, சுத்தமான தொட்டியில் மின்சாரம் கொடுக்கிறார்கள். அவன் அதைச் சொன்னபோது நான் முதலில் கேட்ட கேள்வி, "உப்பு?" என்பதுதான். எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வருகிற உப்பைக் கழுவுவதற்கென்றே நடுவில் ஒரு தொட்டி இருக்கிறதாம். அதற்கு அவன் அத்தைத் தொட்டி என்று பெயர் வைத்திருப்பதாகப் பின்னால் எழுதினான். கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம், அர்த்தம் தெரியாமல்.

அவன் புறப்பட்ட அன்று காலையில் பெட்டியெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. கார் நிற்கிறது. செல்வம் அக்கா முன்னால் போய் நின்று, "அத்தை, சுத்தி விடுங்க" என்றான். அக்கா மாட்டேன் என்றாள். அவன் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சரோஜா உப்பு ஜாடியைக் கொண்டு வந்தாள். அக்கா அதைத் தொடவில்லை. வெறுங்கையை இறுக்கி மூடி, அவன் தலையை மூன்று தடவை சுற்றினாள். லாரி வந்து நின்ற அன்றைக்குச் சுற்றிய அதே மாதிரி. பிறகு குழாயடிக்குப் போய் அந்த வெறுங்கையைத் தண்ணீரில் உதறி, சோப்பு போட்டுக் கழுவினாள். அடுத்த இரண்டு வருஷமும் தபால்காரன் மணி அடித்தால் முதலில் வாசலுக்கு ஓடியது அவள்தான்.

செல்வம் லீவில் திரும்பி வந்தான். வெயிலில் கறுத்து, என் பழைய தகட்டின் நிறத்தில் இருந்தான். அக்கா அவனைத் தடவித் தடவிப் பார்த்தாள். முகம், தோள், கை, விரல். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"வெறுங்கையாலதான்டா சுத்துனேன். வந்துட்டான் பாரு."

"வருவான்க்கா. வராம எங்க போவான்?"

"அப்ப அவரு வராததுக்கு உப்பு காரணம் இல்ல, என்னடா?"

"இல்லக்கா. இல்லவே இல்ல."

அன்றைக்கு அக்கா வாய்விட்டு அழுதாள். புருஷன் போனதிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்தது இல்லை. சரோஜாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அழுது முடித்துவிட்டு, செல்வத்துக்குப் பசிக்கும் என்று எழுந்து போனாள்.

அக்கா இப்போது இல்லை. எங்கள் வீட்டில் யார் வெளியூர் போனாலும், குழந்தை பிறந்தாலும், பரீட்சை எழுதினாலும் வெறுங்கையை மூடி மூன்று சுற்றுச் சுற்றிக் குழாயடியில் உதறுவோம். பேரப்பிள்ளைகள் முறையே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் சின்ன மகனைக் கட்டிப் புதிதாக வந்த மருமகள், கையைப் பார்த்துவிட்டு, "உப்பு எங்க மாமா?" என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செல்வம்தான் பதில் சொன்னான்.

"உப்பெல்லாம் அப்பாவோட மொதக் கல்யாணத்துலயே தீந்து போச்சு."